‘சிட்டி’ ஸ்கின்கேர் செட் வாங்கப் போகிறீர்களா? இப்படிச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்

நகரத்துச் சருமத்துக்கென்றே தயாரித்தது என்று சொல்லும் ஸ்கின்கேர் செட்டுகள் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. டப்பாவில் ‘சிட்டி’, ‘அர்பன்’, ‘ஆன்ட்டி பொல்யூஷன்’, ‘டீடாக்ஸ்’ என்று ஏதாவது ஒரு சொல் இருக்கும், உள்ளே ஃபேஸ்வாஷ், டோனர் (கழுவிய பின் முகத்தைத் துடைக்கும் நீர்), சீரம் (செறிவான மெல்லிய திரவம்), மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் என்று நாலைந்து பொருள் இருக்கும், மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்றும் போட்டிருக்கும். வாங்கிய மறுநாளே ஐந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டு கிளம்பினால், நாலாம் நாள் கன்னத்தில் பொரிப்பொரியாக வரும்போது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முகம் நன்றாக ஆனாலும் இதே கதைதான், எது வேலை செய்தது என்று தெரியாமலே ஐந்துக்கும் மாதாமாதம் காசு கொடுத்துக்கொண்டிருப்போம்.

அதனால் ஒவ்வொன்றாக, உங்கள் முகத்தில், நீங்கள் தினமும் போகிற ரோட்டில் வைத்துச் சோதிக்கிற முறையை எழுதுகிறேன். நான் சென்னையில் இருப்பவள், வேலைக்கு ஸ்கூட்டரில் போகிறவள், அதனால் உதாரணமெல்லாம் சென்னை வெயிலும் சென்னைப் புழுக்கமும்தான். கோவை, மதுரைக்காரர்கள் முறையை அப்படியே வைத்துக்கொண்டு உங்கள் ஊர் வெயிலுக்கும் தண்ணீருக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர் நம் முகத்தை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். காற்றில் மிதக்கும் பி.எம். 2.5 என்கிற துகள் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. டீசல் புகைக்கரி இந்த வகைதான், அதன்மேல் எண்ணெய்த்தன்மையுள்ள ரசாயனங்கள் ஒட்டிக்கொண்டு வரும், நம் முகத்து எண்ணெயோடு அவை எளிதாகக் கலந்துவிடும். ஜெர்மனியில் 70 முதல் 80 வயதுக்குள் இருந்த 400 பெண்களை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், போக்குவரத்துப் புகைக்கரி அதிகமுள்ள இடங்களில் வாழ்ந்தவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் அதிகம் இருந்தன. அவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள், நமக்கு அதே அளவில் நடக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் மாசுக்கும் முகத்துக்கும் தொடர்பு உண்டு என்பது விளம்பரக் கதை மட்டுமில்லை என்று தெரிகிறது. ஓசோன் வாயு வேறு இருக்கிறது, தோலின் மேலடுக்கில் இயற்கையாக உள்ள வைட்டமின் ஈ-யை அது தின்றுவிடும். வைட்டமின் ஈ மாதிரி அந்தச் சேதத்தைத் தடுக்கும் பொருள் என்று சொல்லி ‘ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்’ சீரம் விற்பதற்கு அடிப்படை இதுதான்.

ஆனாலும் நம் ஊரில் முகத்தை அதிகம் பாதிப்பது எது என்று என்னைக் கேட்டால், புகையைவிட வெயில் என்றுதான் சொல்வேன். சென்னையில் கோடை நண்பகலில் புறஊதாக் குறியீடு (வெயிலின் புறஊதாக் கதிர் எவ்வளவு கடுமை என்று காட்டும் எண்) 11-ஐத் தாண்டுவது சாதாரணம். 3 வந்தாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வெயிலோடு வேர்வை, ஹெல்மெட்டுக்குள் வேகும் தாடை, போர் தண்ணீர், எட்டு மணி நேர ஏசி எல்லாம் சேர்ந்துதான் நம் ‘சிட்டி லிவிங்’. ஒரு செட்டை எடைபோடும்போது இவ்வளவையும் அது தாங்குகிறதா என்று பாருங்கள், டப்பாவில் புகை படம் போட்டிருக்கிறதா என்பதைப் பார்க்காதீர்கள்.

கடையில் நிற்கும்போது டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘ஆன்ட்டி பொல்யூஷன்’ என்ற சொல்லுக்கு, சன்ஸ்கிரீனின் வெயில் தடுப்பைச் சொல்லும் எஸ்.பி.எஃப். மாதிரி எண்ணில் சொல்லும் அளவு எதுவும் லேபிளில் இருக்காது, அதனால் அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. சேர்மானப் பட்டியல்தான் பேசும். நம் நாட்டின் 2020-ம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவு அதிகமுள்ளதிலிருந்து குறைவுள்ளதுவரை வரிசையாக எழுத வேண்டும், அதற்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். முன்பக்கம் பெரிதாகப் படம் போட்ட முருங்கையோ தாமரையோ பட்டியலில் வாசனைப் பொருளுக்கும் பின்னால், கடைசியில் இருந்தால், பெயருக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின், தோலின் மேலடுக்கிலேயே உள்ள கொழுப்பு வகையான செராமைடு, வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு முதல் பாதியில் இருந்தால் நல்லது. தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, இந்த மூன்றும் இல்லாத டப்பாவைத் தொடவே வேண்டாம். மூடி திறந்த டப்பா படத்துக்குள் 6 எம், 12 எம் என்று இருந்தால் திறந்த பிறகு அத்தனை மாதம்தான் ஆயுள்.

முழு செட்டாக வாங்காதீர்கள். மினி பேக் இருந்தால் அதை வாங்குங்கள், இல்லாவிட்டால் ஃபேஸ்வாஷ் ஒன்றை மட்டும் வாங்கிச் சோதனையைத் தொடங்குங்கள், தேறினால் அடுத்தது. டோனரைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். ஃபேஸ்வாஷ் சரியாக இருந்தால் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு டோனரே தேவைப்படாது, செட்டில் எண்ணிக்கை கூட்டத்தான் அது இருக்கிறது என்பது என் கருத்து.

தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் முகத்தைச் சும்மா விடுங்கள். சும்மா என்றால் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். ஸ்க்ரப், பார்லர் ஃபேஷியல், பிளீச், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். (எலுமிச்சைச் சாற்றை எப்போதுமே முகத்தில் தடவ வேண்டாம், அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் புண்ணாகிக் கறுத்துவிடும்.) அந்த வாரத்தில் ஜன்னல் பக்கம் நின்று, காலையில் ஒரே நேரத்தில், ஃபில்டர் இல்லாமல், நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டில் ஒவ்வொன்று என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் டியூப்லைட்டில் எடுத்த போட்டோ பயன்படாது, அந்த வெளிச்சத்தில் ஒருநாள் பளிச்சென்று தெரியும், ஒருநாள் பேயடித்தது போலத் தெரியும்.

அடுத்து ஒவ்வாமைச் சோதனை. ‘சென்சிட்டிவ் ஸ்கின்’ இருப்பவர்களுக்கு மட்டும்தானே என்று பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். முழங்கை மடிப்பின் உட்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், காலை மாலை இரண்டு வேளை, ஏழு முதல் பத்து நாள் தடவிப் பாருங்கள். ஃபேஸ்வாஷாக இருந்தால் முகத்தில் எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்களோ அவ்வளவு நேரம் மட்டும் வைத்துக் கழுவிவிடுங்கள். சிலருக்கு ஒவ்வாமை உடனே வராது, நாலைந்து நாள் கழித்துத்தான் சிவக்கும், அரிக்கும், அதனால்தான் இத்தனை நாள். நம் நிறத் தோலில் இது இன்னும் முக்கியம். ஒரு சின்ன எரிச்சல் ஆறினாலும் அந்த இடம் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நிற்கும், கறையைப் போக்க வாங்கிய பொருளே கறையைக் கொடுத்துவிடும்.

கையில் தேறியதும் முகம். ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், சீரம் என்ற வரிசையில், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் விடுங்கள். புதுசின் முறை வரும்வரை பழைய மாய்ஸ்சரைசரும் பழைய சன்ஸ்கிரீனும் ஓடட்டும். சோதனை நடக்கிறது என்று சன்ஸ்கிரீனை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம்.

ஃபேஸ்வாஷ் கடுமையா என்று சோதிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, ஒற்றித் துடைத்துவிட்டு, எதுவும் பூசாமல் பதினைந்து நிமிடம் சும்மா இருங்கள். பிறகு வாயை அகலமாகத் திறந்து பாருங்கள். கன்னத்திலும் வாயோரத்திலும் தோல் இழுத்துப் பிடிப்பது போல இருந்தால் அந்த ஃபேஸ்வாஷ் உங்களுக்குக் கடுமை. பலர் அந்த இழுப்பைத்தான் ‘சுத்தம்’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தோலின் அமிலத்தன்மை பி.எச். அளவில் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 4.5 முதல் 5.5 வரை இருக்கும், சாதாரண சோப்புக்கட்டி 9, 10 வரை போகும், தினமும் அதைத் தேய்த்தால் மேலடுக்கு பலவீனமாகும், பலவீனமான தோலில்தான் புகையும் தூசியும் அதிகம் உறுத்தும். அதனால் மாசை எதிர்க்கிற ஃபேஸ்வாஷ் கடுமையாக இருந்தால் அது வந்த வேலைக்கு எதிராகவே வேலை செய்கிறது. கருப்பாக, கரி போட்டது என்று வரும் வகையில் இந்தக் கடுமை அடிக்கடி இருக்கும், அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள். கரி முகத்தில் இருப்பது முப்பது நொடி, அதற்குள் அது எதையும் பெரிதாக உறிஞ்சி எடுத்துவிடாது.

சுத்தம் ஆகிறதா என்பதற்கும் ஒரு பரிசோதனை. கழுவித் துடைத்த பிறகு, பஞ்சை மைசெல்லர் வாட்டரில் (மேக்கப்பையும் அழுக்கையும் துடைத்தெடுக்கும் திரவம்) நனைத்து, மூக்கின் ஓரம், காதுக்கு முன்னால், தாடைக்குக் கீழே கழுத்து மடிப்பு, இந்த மூன்று இடத்திலும் துடைத்துப் பாருங்கள். மூக்கோரம் சுத்தமாக இருக்கும், கழுத்து மடிப்பில் பஞ்சு சாம்பல் நிறமாக வரும். அது பெரும்பாலும் ஃபேஸ்வாஷின் குறையில்லை, கை அங்கே போகவேயில்லை என்பதுதான். மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டில் வந்த நாளும், மழை விட்ட நாளும் இந்தப் பஞ்சை ஒப்பிட்டால் ஊர் என்ன செய்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். காற்றின் அளவையும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ ஆப்பில் ஆலந்தூர், வேளச்சேரி, மணலி, பெருங்குடி என்று ஏரியாவாரியாக வருகிறது.

ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் ஃபேஸ்வாஷ் வேண்டாம். நடுவில் வேர்த்தால் வெறும் தண்ணீர் போதும். உங்கள் வீட்டில் போர் தண்ணீர் என்றால் நுரை குறைவாக வரும், தோல் பிசுக்கென்று இருப்பது போலத் தோன்றும், உடனே இன்னும் கொஞ்சம் பிதுக்கத் தோன்றும். பிதுக்காதீர்கள். சோப்பு உப்புத்தண்ணீரில் படிகிற அளவுக்கு ஜெல் வகை ஃபேஸ்வாஷ் படியாது, நன்றாக அலசினால் போதும், கடைசி ஒரு சொம்பு மட்டும் குடிநீர் கேனிலிருந்து ஊற்றிப் பார்த்து வித்தியாசம் இருந்தால் அதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

மாய்ஸ்சரைசர் விஷயத்தில் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வழியும் முகத்துக்கும் மாய்ஸ்சரைசர் தேவை, ஜெல் வகை வாங்குங்கள். காலையில் பூசி அரை மணி நேரம் கழித்து ஒரு டிஷ்யூவை நெற்றியில் அழுத்திப் பாருங்கள், பொட்டுப்பொட்டாக எண்ணெய் ஒட்டினால் சென்னைப் பகலுக்கு அது கனம், இரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் ஏசியிலிருந்து வெளியே வரும்போது வாயோரம் வெள்ளை பூத்திருந்தால் அது போதவில்லை. நெற்றியில் ஒரே அளவில் சின்னச் சின்னதாக, அரிப்போடு, வேர்க்குரு மாதிரி வந்தால் அது பரு இல்லாமல் ஈஸ்ட் கிருமியால் வந்ததாகவும் இருக்கலாம், அதற்குக் கனமான க்ரீம் மேலும் மேலும் தீனி போடும், நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

சன்ஸ்கிரீன்தான் இந்த செட்டிலேயே முக்கியமானது. மற்றது எல்லாம் தோற்று இது ஒன்று ஜெயித்தாலும் செட் வாங்கியது லாபம். எஸ்.பி.எஃப். 30 என்றால் சரியான அளவில் பூசும்போது, தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யு.வி.பி. கதிரில் 97 சதவீதம் வரை தடுக்கும், 50 என்றால் 98, அதற்கு மேல் எண் ஏறினாலும் பெரிய வித்தியாசமில்லை. கறுப்பதற்கும் சுருக்கத்துக்கும் பெரிய காரணமான இன்னொரு கதிர் யு.வி.ஏ.-வுக்கு பி.ஏ. என்று போட்டு அருகில் கூட்டல் குறிகள் இருக்கும், நான்கு இருந்தால் நல்லது, மூன்றுக்குக் குறைந்தால் வேண்டாம். யு.வி.ஏ. சாதாரணக் கண்ணாடி வழியாகவும் வரும், அதனால் ‘நான் கேப்பில்தானே போகிறேன்’ என்பவர்களுக்கும் இது உண்டு. மங்கு இருப்பவர்கள் அயர்ன் ஆக்ஸைடு சேர்த்த, லேசாக நிறம் உள்ள வகையைத் தேடுங்கள், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. ‘ப்ளூ லைட் பாதுகாப்பு’ என்று போனுக்கும் லேப்டாப்புக்கும் பயம் காட்டினால் அதற்குக் காசு தர வேண்டாம், திரையிலிருந்து வருவது சூரியனிலிருந்து வருவதில் ஒரு துளிகூட இல்லை.

அந்த எஸ்.பி.எஃப். எண்கள் எல்லாம் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. நம் முகத்துக்கும் கழுத்துக்கும் இது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு, ஒரு கிராமுக்குச் சற்று மேல் வரும். இந்த அளவில் தினம் இரண்டு தடவை பூசினால் 50 கிராம் டியூப் மூன்று வாரம்தான் தாங்கும். விலையை இந்தக் கணக்கில் பாருங்கள், அப்போதுதான் உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று தெரியும். கட்டுப்படியாகாத நல்ல சன்ஸ்கிரீனைக் கடுகளவு பூசுவதைவிட, விலை குறைந்ததைத் தாராளமாகப் பூசுவது மேல்.

சோதனை இப்படி: முழு அளவும் பூசி இருபது நிமிடம் கழித்து வெளிச்சத்தில் புருவத்துக்குள்ளும் முன்நெற்றி முடியோரமும் பாருங்கள், நம் நிறத்துக்கு ஒத்துவராத சன்ஸ்கிரீன் அங்கேதான் சுண்ணாம்புக்கோடு மாதிரி வெள்ளையாக நிற்கும். பிறகு ஹெல்மெட் போட்டு ஒரு சிக்னல் வெயிலில் நின்று வாருங்கள். வேர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போய் எரிந்தால், அல்லது ஷாலால் முகத்தைக் கட்டி அவிழ்க்கும்போது துணியிலேயே பாதி வந்துவிட்டால், அது ஏசி ரூமுக்கு நல்ல சன்ஸ்கிரீன், உங்களுக்கு இல்லை. மதியம் வெளியே போவதாக இருந்தால் மறுபடி பூச வேண்டும், அப்போது முதல் அடுக்கின்மேல் உருண்டு உருண்டு அழுக்கு மாதிரித் திரள்கிறதா என்றும் பாருங்கள். திரண்டால் கீழே உள்ள மாய்ஸ்சரைசருக்கும் இதற்கும் ஒத்துப்போகவில்லை, இரண்டில் ஒன்றை மாற்றலாம்.

சீரம் கடைசியில். நியாசினமைடு 5 சதவீதம்வரை இருந்தால் போதும், எண்ணெய் குறையும், கறை மெல்ல மங்கும், 10, 15 என்று ஏற்றினால் சிலருக்குச் சிவக்கும். வைட்டமின் சி சீரம் காற்றும் சூடும் பட்டால் கெட்டுவிடும், நம் ஊர் சூட்டில் பாத்ரூம் ஷெல்ஃபில் வைத்தால் சீக்கிரமே மஞ்சளாகிப் பழுப்பாகும், ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள், பழுப்பானதும் தூக்கிப் போடுங்கள். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசுங்கள். ரெட்டினால், சாலிசிலிக் அமிலம் மாதிரித் தோல் உரிவதை வேகப்படுத்தும் பொருள் இருந்தால் தொடக்கத்தில் வழக்கமாகப் பரு வரும் இடத்தில் கொஞ்சம் அதிகம் வந்து அடங்கலாம். நியாசினமைடோ மாய்ஸ்சரைசரோ போட்டு, இதுவரை பருவே வராத இடத்தில் வந்தால், ‘உள்ளே இருக்கும் அழுக்கு வெளியே வருகிறது’ என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுத் தொடராதீர்கள். ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சோதனை நடக்கும் நாள்களில் டப்பாவுக்கு வெளியே இருப்பதையும் ஒழுங்கில் வையுங்கள், இல்லாவிட்டால் பழி தவறான இடத்தில் விழும். முகத்தைக் கட்டும் ஷாலைத் தினமும் துவையுங்கள், முந்தின நாள் புகையும் வேர்வையும் அதில்தான் இருக்கின்றன, அதையே மறுநாள் மூக்கோடு சேர்த்துக் கட்டினால் எந்த செட்டும் காப்பாற்றாது. ஹெல்மெட்டின் உள்துணி கழற்ற வருமானால் வாரம் ஒருமுறை அலசுங்கள். தாடை ஓரமாக, ஸ்ட்ராப் உரசும் கோட்டில் மட்டும் பரு வரிசையாக வந்தால் அது உரசலால் வருவது, சீரத்தை மாற்றிப் பயனில்லை. தலையணை உறையும் அப்படித்தான்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். எந்த க்ரீமாவது ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்கவைத்துப் பளபளக்கச் செய்தால் சந்தோஷப்படாமல் நிறுத்துங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால், மொமெட்டசோன் என்று பட்டியலில் இருந்தால் அது ஸ்டீராய்டு, முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, நிறுத்தியதும் சிவந்து எரியும். இந்த வகைக் களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே அரசு அறிவித்துவிட்டது. பெயரே தெரியாத சிவப்பழகு க்ரீம்களில் பாதரசம் இருப்பது இன்னும் மோசம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பார்த்ததில், அரிதான ஒரு துணைவகை 15 பேருக்கு இருந்தது, அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் க்ரீம் போட்டவர்கள். நகரத்துக்கான ஸ்கின்கேர் என்ற பெயரில் யாராவது லேபிள் இல்லாத டப்பாவை வாட்ஸ்அப்பில் விற்றால் வாங்காதீர்கள், அது தெரிந்த அக்கா விற்றாலும் சரி.

முடிவு எப்போது எடுப்பது? எரிச்சல், பிசுபிசுப்பு, வெள்ளைப்பூச்சு இதெல்லாம் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். தோல் செல்கள் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 28 நாள் ஆகும், வயது கூடக்கூட இன்னும் தாமதமாகும், அதனால் சீரத்துக்கு ஒரு மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல முடியாது, கரும்புள்ளிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். பழைய போட்டோவையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் சோதனை பற்றித் தெரியாத ஒருவரிடம் எது முன்னால் எது பின்னால் என்று கேளுங்கள், அவரால் சொல்ல முடியவில்லை என்றால் அந்தச் சீரத்தை மறுபடி வாங்க வேண்டாம். ஐந்தில் இரண்டு தேறினாலே அது நல்ல செட்தான், அந்த இரண்டை மட்டும் தொடர்ந்து வாங்குங்கள். அக்னி நட்சத்திரத்தில் தேறியது மார்கழிக் காலைக்குப் போதாமல் போகலாம், போகிப் புகைக்கு அடுத்த நாள் முகம் வேறு மாதிரி இருக்கும், அப்போது மாய்ஸ்சரைசரை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

நடுவில் முகம் வீங்கினாலோ, நீர் கோத்த கொப்புளம் வந்தாலோ, கண் இமை தடித்தாலோ எல்லாவற்றையும் நிறுத்தித் தண்ணீரால் மட்டும் கழுவிவிட்டு அன்றே தோல் டாக்டரைப் பாருங்கள். தனியார் கட்டணம் இடித்தால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் தோல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. போகும்போது டப்பாவையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், பின்பக்கப் பட்டியலைப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.